'பட்' என்றால் 'ஆனால்' மட்டுமா?

'எவ்ரிபடி கேம் பட் ரவி' என்று கரும்பலகையில் எழுதி, ரவி வந்தானா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 'பட்' என்றால் 'ஆனால்' என்று மட்டும் கற்ற மாணவர்கள் தடுமாறுவார்கள். 'ரவியைத் தவிர எல்லோரும் வந்தார்கள்' என்பதே பொருள். தவறு மாணவருடையது அன்று; ஒரு சொல்லுக்கு ஒரே பொருளைச் சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தினுடையது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'பூட்டன்' என்று வழங்கியது. அதன் பொருள் 'வெளியே' என்பதாகும். இன்றைய 'அவுட்' என்ற சொல்லும் இதற்கு உறவே. ஸ்காட்லாந்தின் இரண்டு அறைக் குடிசைகளில் வெளி அறையை 'பட்' என்றும் உள் அறையை 'பென்' என்றும் அழைத்தனர். 'வெளியே' என்ற இடப்பொருளிலிருந்தே 'நீங்கலாக', 'தவிர' என்ற பொருள்கள் தோன்றின. மேற்கண்ட வாக்கியத்தில் ரவி அந்த 'எல்லோருக்கும்' வெளியே நிற்கிறான்.

அடுத்த பொருள் 'மட்டுமே'. 'ஹி இஸ் பட் எ சைல்ட்' என்றால் 'அவன் வெறும் குழந்தைதான்' என்று பொருள். 'குழந்தை தவிர வேறில்லை' என்ற எதிர்மறை அமைப்பில், எதிர்மறைச் சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோக, 'பட்' மட்டும் எஞ்சியது.

இன்று நாம் முதலில் கற்பிக்கும் 'ஆனால்' என்ற பொருள் பின்னர் வலுப்பெற்றதே. பழைய ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் 'ஆக்' என்ற வேறொரு சொல் செய்தது. அது வழக்கொழிய, 'பட்' அதன் இடத்தைப் பிடித்தது.

'பட்' என்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்றும் சிலர் கற்பிக்கிறோம். 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்திலேயே அவ்வாறு தொடங்கும் வாக்கியங்கள் ஏராளம். அது இலக்கணப் பிழை அன்று. அடிக்கடி வந்தால் நடை சலிப்பூட்டும் என்பதே உண்மை.

வகுப்பில் ஓர் எளிய பயிற்சி செய்யலாம். 'பட்' வரும் வாக்கியங்கள் சிலவற்றை எழுதி, அச்சொல்லின் இடத்தில் 'ஆனால்', 'தவிர', 'மட்டுமே' ஆகிய மூன்றையும் மாணவர்களே பொருத்திப் பார்க்கட்டும். எது பொருந்துகிறது, ஏன் என்று அவர்களே விளக்கட்டும். பாடநூலுக்கு வெளியே ஆங்கிலம் படிக்கும்போது, தெரிந்த சொல்லையும் சூழலோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அப்போது அவர்களுக்குக் கைகொடுக்கும்.