பெயர் இரட்டையாக விழுகிறதா? வீட்டு லேசர் மெஷினில் எதை முதலில் பார்க்க வேண்டும்!

அக்கா கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. தாம்பூலப் பையில் தேங்காயோடு, மணமக்கள் பெயர் பொறித்த மரக் கீ செயினும் போடலாம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். மொத்தம் 250. மேஜையில் சின்ன டயோடு லேசர் மெஷின் இருக்கிறதே என்ற தைரியம்!

முதல் சாம்பிளிலேயே மானம் போனது. துணைக்காலின் இரண்டு ஓரமும் ரம்பப்பல் மாதிரி. மெய்யெழுத்தின் புள்ளி, இரண்டு புள்ளியை ஒட்டவைத்ததுபோல. கையில் வாங்கிப் பார்த்த அம்மா, "என்னடி, கண்ணாடி போடாமப் பாத்த மாதிரி இருக்கு?" என்றார்.

அவசரத்தில் நான் செய்த தப்பு, நேராக செட்டிங்ஸில் கைவைத்தது. 100 மி.மீ. சதுரம் வரைந்தேன், 99.2 வந்தது. '$100' என்ற இடத்தில் இருந்த 80-ஐ 80.65 ஆக்கினேன். அடுத்த சதுரம் 100.9. அதற்கடுத்தது 99.6. ஒரே கட்டளைக்கு மூன்று முறை மூன்று அளவு வந்தால் கோளாறு கணக்கில் இல்லை, எதுவோ லூஸாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 80 சும்மா வந்த எண் இல்லை. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். அதை கன்ட்ரோலர் 16 ஆகப் பிரிப்பதால் 3,200. 20 பல் புல்லி, 2 மி.மீ. இடைவெளியில் பல் உள்ள பெல்ட்டை ஒரு சுற்றில் 40 மி.மீ. நகர்த்தும். 3,200-ஐ 40-ஆல் வகுத்தால் 80. பல் எண்ணிக்கை மாறாதவரை இதுவும் பெரிதாக மாறாது. பழையபடி 80 போட்டுவிட்டு புல்லியைத் தொட்டுப் பார்த்தேன், ஆடியது. மோட்டார் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். புல்லியின் குட்டி ஸ்க்ரூ அந்தத் தட்டையில் உட்கார வேண்டும். ஆலன் கீயால் இறுக்கியதும் சதுரம் சரியாகிவிட்டது. (மூலைக்கு மூலையும் அளந்துவிடுங்கள். இரண்டும் 141.4 மி.மீ. வராவிட்டால் ஃபிரேம் கோணல்.)

ஆனால், ரம்பப்பல் மட்டும் போகவில்லை!

இங்கேதான் டைமிங் வருகிறது. லேசர் இடமிருந்து வலம் ஒரு வரி, வலமிருந்து இடம் அடுத்த வரி என்று எரித்துக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 6,000 மி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 100 மி.மீ. லேசர் ஆயிரத்தில் ஒரு விநாடி தாமதமாக எரிந்தாலும் போகும்போது 0.1 மி.மீ. வலப்பக்கம், வரும்போது 0.1 மி.மீ. இடப்பக்கம் தள்ளிவிடும். கூட்டினால் 0.2 மி.மீ. விலகல். படுக்கைக் கோட்டில் தெரியாது, நிற்கும் கோட்டில் பல்லை இளிக்கும்.

டைமிங்தானா என்று கண்டுபிடிக்க எளிய வழி, வேகத்தைப் பாதியாக்கி அதே எழுத்தை எரிப்பது. விலகலும் பாதியானால் டைமிங். வேகம் குறைந்தும் விலகல் அப்படியே நின்றால் மறுபடி பெல்ட், புல்லி பக்கம் போங்கள். என் மெஷினில் 6,000-த்தில் 0.4 மி.மீ., 3,000-த்தில் 0.2. சந்தேகமே இல்லை. லைட்பர்ன் மென்பொருளின் டிவைஸ் செட்டிங்ஸில் 'ஸ்கேனிங் ஆஃப்செட்' பட்டியல் இருக்கிறது. வேகத்தையும், அந்த வேகத்துக்கான விலகலில் பாதியையும் அதில் எழுத வேண்டும். விலகல் கூடினால் குறியை மைனஸாக மாற்றுங்கள், நானும் முதலில் தலைகீழாகத்தான் போட்டேன்.

போட்டோ பொறிக்கும்போது மெஷின் திக்கித் திக்கி நின்று கருப்புத் திட்டு விழுந்தால் அது வேறு கதை. கட்டளைகள் யூ.எஸ்.பி. வழியாக வந்து சேர்வதற்குள் மெஷின் முந்திவிடுகிறது. வேகத்தைக் குறையுங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

சோதனை ஓட்டம்தானே என்று கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் லேசரின் அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும், கூலிங் கிளாஸ் உதவாது. பி.வி.சி., ரெக்ஸின் துண்டுகளில் சோதிக்கவே கூடாது, புகை விஷம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை 250-ம் முடிந்தது. ரம்பப்பல் விழுந்த அந்த முதல் சாம்பிள் இப்போது அம்மாவின் பீரோ சாவியில் தொங்குகிறது.