படியில் உறைந்து நிற்கும் சிப்பிப்பாறை: இழுக்காதீர்கள், திரும்பிப் போக விடுங்கள்

செல்லப்பிராணி உரிமத்துக்குச் சென்னை மாநகராட்சி வைத்த கெடு தள்ளித் தள்ளி 2025 டிசம்பர் 14 வரை போனது. கெடு நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் குழப்பமும் கூடியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கெடுவும் 5,000 ரூபாய் அபராதமும் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு. இரும்புலியூர், பெருங்களத்தூர், சேலையூர் எல்லாம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் வருகின்றன. அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் மண்டல அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

அந்தக் கடிதங்களுக்குள் இன்னொரு கேள்வியும் திரும்பத் திரும்ப வந்தது. உரிமத்தைவிட அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தடுப்பூசி போட, சிப் பொருத்த நாயை அழைத்து வாருங்கள் என்கிறார்கள். நாய் படி இறங்கினால்தானே அழைத்துப் போக முடியும்?

இரும்புலியூர் வாசகர் ஒருவர் சாத்தூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு வயதுச் சிப்பிப்பாறையைத் தத்தெடுத்திருக்கிறார். வீடு மூன்றாவது மாடியில். நாய்க்கு லிஃப்ட் கிடையாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானம். காலையும் மாலையும் அவரும் மகனும் நாயைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். படி விளிம்புக்கு ஓரடி முன்னால் நின்று மூக்கை மட்டும் நீட்டுகிறது. முன்னங்கால் விரல்கள் கிரானைட்டில் பிடி கிடைக்காமல் அகல விரிகின்றன. உதட்டை நக்குகிறது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறது, வாலைத் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொள்கிறது. கயிறு லேசாக இறுகினால் போதும், நான்கு கால்களையும் ஊன்றி அப்படியே உறைந்துவிடுகிறது.

2020 ஆகஸ்ட் 30 அன்று ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நாட்டு இனங்களுக்கு வளர்ப்புச் செலவு குறைவு, அவை இந்தியச் சூழலுக்குப் பழகியவை என்றார். வெயிலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஜிஎஸ்டி சாலையோரத்து மூன்று மாடி அடுக்ககமும் இந்தியச் சூழல்தானே? கரிசல் காட்டில் முயல் விரட்ட வளர்த்த நாய்க்கு அந்தச் சூழலில் ஒரு நாள் பழக்கம்கூடக் கிடையாது. இனத்தைக் காப்போம் என்று சொல்பவர்கள், அந்த இனத்து நாய் மாடி வீட்டுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கிரேஹவுண்டுகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. பந்தய நாய்கள் தரைமட்டக் கூண்டுகளிலேயே வளர்கின்றன. மக்காவ் நாய்ப் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது 500-க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகளுக்குப் புது வீடு தேட வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற பந்தய நாயைத் தத்தெடுப்பவர்களுக்கு முதலில் சொல்லும் எச்சரிக்கைகளில் மாடிப்படியும் ஒன்று.

இந்த வகை நாய்களின் உடல்வாகும் ஒத்துழைப்பதில்லை. ஆழமான நெஞ்சுக்கூடு, நீண்ட மெல்லிய கால்கள். இறங்கும்போது பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது. பின்னங்கால்களைப் பார்த்துப் பார்த்து எடுத்துவைக்கச் சமதரையில் அவசியமே வந்திருக்காது. கண்ணின் அமைப்பும் வேறு. மூக்கு நீள நீள, விழித்திரையின் நரம்புச் செல்கள் கிடைமட்டப் பட்டையாக அடர்கின்றன என்று சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவி குழு 2004-ல் காட்டியது. தூரத்தில் குறுக்கே ஓடும் முயலைப் பிடிக்க அது தோதான கண். மூக்குக்கு நேர் கீழே இருக்கும் படி விளிம்பை அளக்கவும் தோதுதானா என்பது எனக்குச் சந்தேகம். இது என் ஊகம், ஆய்வு சொன்னதல்ல.

பயிற்சிக்கு முன்னால் கால்நடை மருத்துவர். உண்ணிக் காய்ச்சலில் மூட்டு வலி வரும். நம் ஊரில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. நகம் நீண்டிருந்தாலும், பாதத்தில் ஆணி இருந்தாலும், இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் நாய் படியைத் தவிர்க்கும். வலியைப் பயிற்சியால் போக்க முடியாது.

“கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள், ரெண்டு மூணு நாளில் பழகிடும்” என்று சொல்லும் பயிற்சியாளர்கள் தாம்பரம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். இரும்புலியூர் வாசகருக்கும் ஒருவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். சில நாய்கள் இழுத்த பிறகு உண்மையிலேயே வருகின்றன. தலை குனிந்து, சத்தமில்லாமல், நம் பின்னாலேயே. அந்த அமைதி என்ன என்பதுதான் கேள்வி.

1967-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொடூரமான சோதனை, அதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. கட்டிவைத்த நாய்களுக்கு மின்னதிர்ச்சி. ஒரு குழு, தலைக்குப் பக்கத்தில் இருந்த பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். இன்னொரு குழுவுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் எதை அழுத்தினாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும், தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதல் குழு தாண்டியது. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை தாண்ட முயலாமல் அங்கேயே கிடந்து வாங்கிக்கொண்டன. தான் என்ன செய்தாலும் பயனில்லை என்று நாய் கற்றுக்கொண்டுவிட்டது என அப்போது விளக்கினார்கள்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 2016-ல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள். அதற்குள் எலிகளின் மூளையில் செய்த ஆராய்ச்சி நிறையச் சேர்ந்திருந்தது. நீடித்த துன்பம் வந்தால் உயிர் செயலற்றுப் போவது கற்ற பாடமே அல்ல, மூளைத்தண்டின் இயல்பான எதிர்வினை என்றார்கள். கற்றுக்கொள்ளப்படுவது அதற்கு நேர் எதிரானது: ‘என் செயலால் இது மாறுகிறது’ என்னும் கட்டுப்பாடு. மூளையின் முன்பகுதி அந்தக் கட்டுப்பாட்டை உணரும்போதுதான் மூளைத்தண்டின் முடக்கத்தை அடக்குகிறது.

படிக்கட்டில் இதற்குப் பொருள் இதுதான். நாய் உறைந்து நிற்பது பிடிவாதம் அல்ல. கட்டுப்பாடு கையில் இல்லாத உடம்பின் முதல் பதில். இழுக்கும்போது கொஞ்சநஞ்சக் கட்டுப்பாட்டையும் பறிக்கிறோம். மூன்றாம் நாள் சத்தமில்லாமல் வரும் நாய் தைரியம் பெற்ற நாயாக இருக்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுத்த நாயாகவும் இருக்கலாம். வேறுபாட்டை வாலும் காதும் காட்டும். கோழித் துண்டை நீட்டிப் பாருங்கள். பயத்தில் இருக்கும் நாய் பெரும்பாலும் படியில் வைத்துத் தின்னாது.

இழுக்கச் சொல்பவர்கள் கையிலும் ஓர் ஆதாரம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1968-ல் அதே ஆய்வாளர்கள், முடங்கிப்போன நாய்களைக் கயிற்றால் இழுத்துத் தடுப்புக்கு அப்பால் கொண்டுபோய்க் கொண்டுபோய்த்தான் மீட்டார்கள். இழுத்தது பலித்தது. ஆனால் அங்கே மறுபுறம் போனதும் அதிர்ச்சி நின்றது. தாண்டினால் துன்பம் தீரும் என்பதை நாய் ஒவ்வொரு முறையும் உடம்பில் உணர்ந்தது. படிக்கட்டில் துன்பமே கயிற்றின் இழுப்பும் காலடி வழுக்கலும்தான். இழுக்க இழுக்க அது கூடுகிறது. அந்தச் சோதனையை இங்கே சான்றாகக் காட்டுவது தவறு.

ஆகவே, திரும்பிப் போகும் உரிமையை நாய்க்குக் கொடுங்கள். முதல் வேலை தரை. பளபளக்கும் கிரானைட்டில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் படிக்கொன்றாக ஒட்டுங்கள். சங்கம் மறுத்தால் பயிற்சி நேரத்தில் மட்டும் கோணிச்சாக்கை இறுக்கமாக விரித்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போடுங்கள். கயிறு எப்போதும் தொய்வாக இருக்கட்டும்.

பிறகு முடிவிலிருந்து தொடங்குங்கள். இறங்கப் பழக்க, ஒரு கை நெஞ்சைச் சுற்றி, மறு கை பின்தொடைகளைச் சுற்றித் தூக்கிப்போய்க் கடைசிப் படியில் நிற்க வையுங்கள். அதற்கு மிச்சம் ஒரே படி. எதிரே தெரிந்த சமதரை. அது தானாக இறங்கட்டும், ஈரலோ கோழியோ தரையில் கிடைக்கட்டும். அது சலிப்பாகும் அளவுக்குப் பழகிய பிறகுதான் கீழிருந்து இரண்டாவது படி. ஏறுவதற்கும் இதே முறை: மேல் தளத்துக்கு ஒரு படி கீழே தொடக்கம். இப்படிச் செய்தால் நாய் ஒவ்வொரு முறையும் புதிதில் தொடங்கிப் பழகியதில் முடிக்கிறது. வழக்கமாக நாம் செய்வதோ தலைகீழ்: முதல் படியை எளிதாக ஏற்றிவிட்டு, முன்னால் தெரியாத பதினேழு படிகளைக் காட்டுகிறோம். எளிமையான இந்த மாற்றத்தில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று வியந்திருக்கிறேன்.

பாதியில் அது திரும்பினால் திரும்பட்டும், தடுக்காதீர்கள். திரும்ப முடிந்த நாய்தான் மறுபடி முயலும். சிறுநீர் அவசரத்தில் இருக்கும் காலை ஆறு மணியைப் பயிற்சி நேரமாக்காதீர்கள். அப்போது தூக்கிக்கொண்டோ லிஃப்டிலோ இறங்குங்கள். பழகும்வரை அதில் குற்றமில்லை.

லிஃப்ட் பற்றி. செல்லப்பிராணிகளை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. இது பாதுகாப்பு என்று வாரியம் சொல்கிறது. நடைமுறையில் இது ஒரு கடிதம். தடை போட்ட சங்கத்துக்கு அந்தக் கடிதமே அபராதம் விதிக்காது. ஆனால் சங்கச் செயலாளருக்கு எழுத்தில் கொடுக்க, அதன் நகலை இணைக்க, பதிலையும் எழுத்தில் கேட்க அது போதும். நாயைச் சுமந்து ஒருவர் படியில் தவறி விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியையும் உங்கள் கடிதத்திலேயே கேளுங்கள். இரும்புலியூர் வாசகர் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

எத்தனை நாளாகும்? சில நாய்களுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு மாதங்கள்; கெடு வைக்காதீர்கள்.

இடைவெளி தெரியும் இரும்புப் படிகள்? பின்புறம் அட்டையோ துணியோ கட்டி மறையுங்கள்.

படியேறும்போது வாய்க்கவசம்? கவசம் தேவைப்படும் நாய்க்கு அதைத் தனியாக, சமதரையில் பழக்குங்கள், இரண்டையும் சேர்க்காதீர்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால்? அது முன்னால் ஏறி இறங்குவதைப் பார்க்க விடுங்கள், பல நேரம் பலிக்கும்.

இரவில் மட்டும் மறுக்கிறதா? முதலில் படிக்கட்டு விளக்கைப் பாருங்கள், அடுத்து கண் மருத்துவப் பரிசோதனை.

ஏறிவிடுகிறது, இறங்கத்தான் மறுக்கிறது? பெரும்பாலான நாய்களுக்கு அப்படித்தான். இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைத்து, இறங்குவதற்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள்.