நிலநடுக்கத் தரவுக்கு எது சாவி?

பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே ஊரைச் சுற்றிப் பின்னதிர்வுகள் அடுத்தடுத்து வரும். அவற்றில் ஒன்றையும் தவறவிடாமல் காட்ட வேண்டிய செயலி, தரவை எப்படி அடுக்கி வைக்கிறது?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் நிலநடுக்கத் தகவல்களை ஏபிஐ வழியாக இலவசமாகத் தருகிறது. கடந்த ஒரு மணி நேரம், ஒரு நாள், 7 நாள், 30 நாள் எனத் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. பதில் ஜேசான் வடிவில் வரும். பட்டியலில் ஒவ்வொரு நிலநடுக்கமும் ஓர் ஆப்ஜெக்ட். அடையாளக் குறியீடு, அதிர்வின் அளவு, இடம், நேரம், ஆழம் எல்லாம் அதற்குள் இருக்கும். நேரம், 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லி விநாடிகளின் எண்ணிக்கையாக வரும்.

பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டால், ஒன்றைத் தேட முதல் பதிவிலிருந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். கையில் உள்ள 10,000 பதிவுகளோடு புதிதாக வந்த 10,000 பதிவுகளை ஒப்பிட்டால், வேலை 10 கோடி ஒப்பீடுகள் வரை போகும். அதனால்தான், ஒவ்வொரு பதிவுக்கும் அதைச் சுட்டும் ஒரு சாவியை இணைத்து, பட்டியலைச் சாவி–மதிப்பு அமைப்பாக மாற்றுகிறார்கள். பைதானில் இது டிக்‌ஷனரி; ஜாவாஸ்கிரிப்ட்டில் மேப். சாவியை ஒரு சூத்திரம் எண்ணாக மாற்றுகிறது; நினைவகத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்த எண் சொல்லிவிடும். ‘ஹாஷிங்’ எனப்படும் இந்த யோசனையை ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் முன்வைத்தார். பதிவுகள் பெருகினாலும் ஒன்றைத் தேடும் நேரம் சராசரியாக ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

எதைச் சாவியாக்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான் இருக்க முடியும். எனவே இடத்தைச் சாவியாக்கினால், ஒரே இட விவரம் கொண்ட இரண்டு பின்னதிர்வுகளில் பிந்தியது முந்தியதை அழித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியலில் 200 பதிவுகள் இருந்து டிக்‌ஷனரியில் 180 மட்டுமே இருந்தால், 20 அதிர்வுகள் தொலைந்துவிட்டன என்று பொருள். நேரமும் அளவும்கூட நம்பத்தக்க சாவிகள் அல்ல. ஆய்வாளர்கள் சரிபார்க்கும்போது அவை திருத்தப்படலாம். எனவே அடையாளக் குறியீடே பொருத்தம்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே நிலநடுக்கத்துக்கு வெவ்வேறு கண்காணிப்பு அமைப்புகள் வெவ்வேறு குறியீடு இடும். முதன்மைக் குறியீடு பின்னர் மாறவும் கூடும். இதற்காகவே எல்லாக் குறியீடுகளையும் சேர்த்துத் தரும் பகுதி ஒன்று ஆப்ஜெக்டிலேயே இருக்கிறது. அவை அனைத்தையும் ஒரே பதிவுக்கான சாவிகளாக வைத்தால், பழைய குறியீட்டால் தேடினாலும் சரியான தகவல் கிடைக்கும்.

பட்டியலை இப்படி மாற்றித் தரும் நிரல் பைதானில் ஒரே வரிதான். ஆனால், தரவைத் தருபவர்களின் விளக்கக் குறிப்பைப் படித்து, ஒரு நிகழ்வை இன்னொன்றிலிருந்து எது பிரித்துக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அந்த வரியை எழுத வேண்டும்.