அன்று முறுக்கு பிழிந்தவர்கள்

நிலக்கோட்டையில் பண்டிகை வருகிறதா என்று தெரிந்துகொள்ள காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. பூ மார்க்கெட்டில் விலை கேட்டால் போதும். பனி விழ ஆரம்பித்ததும் மல்லிகைச் செடியில் அரும்பு குறையும். பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரங்களில் ஏறும். கோடையில் செடி கொட்டித் தீர்க்கும், விலை விழும். ஏறினாலும் விழுந்தாலும் ஒன்று மட்டும் மாறாது. விடியுமுன் எழுந்து பூ பறிக்கப் போகிற பெண்ணின் தலையில் பூ இருக்காது. கேட்டால், "பூவு விக்கிறதுக்கா, வைக்கிறதுக்கா?" என்பார்கள்.

2020 சித்திரையில் அதுவும் மாறியது. மார்ச் 25இல் ஊரடங்கு. கோயில் கிடையாது, கல்யாணம் கிடையாது, மதுரைக்கு வண்டி கிடையாது. பறிக்காமல் விட்டால் செடி கெட்டுப்போகும் என்று பறித்தார்கள். பறித்த பூவுக்கு வாங்க ஆள் இல்லை. சென்ட் கம்பெனிக்குப் போனது கொஞ்சம், குப்பைக்குப் போனது மிச்சம். மாட்டுக் கொம்பில் மல்லிகை, சைக்கிள் ஹேண்டில்பாரில் மல்லிகை. எங்கள் பெரியம்மா குளித்து முழுகி, நல்ல சேலை கட்டி, ரெண்டு முழம் பூவைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எதிர்வீட்டு அக்கா கேட்டார், "எங்க கெளம்பிட்டீங்க அத்தாச்சி?" பெரியம்மா சொன்னார், "அடுப்படிக்கு."

தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த மாத வருமானம் அந்தப் பூவில்தான் இருந்தது. அன்றைய சிரிப்பைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால், ஏதோ சுற்றுலா போய்வந்த கதை போலாகிவிடும்.

சித்திரை என்றால் எங்களுக்கு மீனாட்சி திருக்கல்யாணம். அம்மனுக்குத் தாலி ஏறும் நேரத்தில் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றைப் புதுசாக மாற்றிக்கொள்வார்கள். அந்த வருஷம் மே 4ஆம் தேதி, கூட்டமில்லாமல், கோயிலுக்குள் பட்டர்கள் மட்டும் இருந்து நடத்தி, இணையத்தில் காட்டினார்கள். எங்கள் வீட்டில் நெட் உள்ள போன் தம்பியிடம்தான். அதைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் சாய்த்து வைத்து, மஞ்சள் கயிறும் குங்குமமுமாக நாலைந்து பேர் உட்கார்ந்தோம். சரியாகத் தாலியை எடுக்கிற நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எதிர்வீட்டிலிருந்து கெட்டிமேளம் கேட்டது. "அவங்க வீட்டு மீனாட்சிக்குக் கல்யாணம் ஆயிருச்சு, நம்ம வீட்டு மீனாட்சி இன்னும் மணையிலயே உக்காந்திருக்கா" என்றார் சின்னம்மா. கயிற்றைக் கையில் பிடித்தபடி நாங்கள் காத்திருந்தோம். எங்களுக்கு மேளம் கொட்டி முடித்த பிறகு தெருக்கோடி வீட்டில் கொட்டியது. அன்றைக்கு ஒரே தெருவில் சொக்கநாதர் மூன்று தடவை தாலி கட்டினார்.

அதற்கு முந்திய பண்டிகைக் காலச் சிரிப்பு வேறு மாதிரி. வாரப் பத்திரிகைகளின் தீபாவளி மலர்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மனைவி செய்த மைசூர்பாகில் பல் உடையும். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மோதிரம் கேட்டு முறுக்கிக்கொள்வார். மாமியார் வருகிற ரயில் எப்போதும் சரியான நேரத்துக்கு வந்து தொலைக்கும். மைசூர்பாகை யாரோ அடுப்பு முன்னால் நின்று கிளறினார்களே என்று எந்தத் துணுக்கும் கவலைப்பட்டதில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் தீபாவளிக்கு முந்தின ராத்திரி கடையடைத்து வருவார்கள். விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் கறியும் தின்று, சாயங்காலம் படத்துக்குக் கிளம்புவார்கள். சொந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்து போனவர்கள்.

ஊரடங்கு அவர்களைக் கூட்டமாக வீட்டுக்குள் உட்கார வைத்தது. கடைக்காரர், லாரி டிரைவர், சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர், பெங்களூரிலிருந்து லேப்டாப்பும் கையுமாக வந்து சேர்ந்த மகன், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. முதல் வாரம் அதிகாரம் நடந்தது. "இந்த டப்பால்லாம் ஏன் இப்படி வச்சிருக்கீங்க?" என்று அடுப்படியைத் திருத்தி அமைத்தார்கள். பிறகு பெருங்காயம் எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. எங்கள் அடுப்படி மேற்குப் பார்த்தது. ஒருநாள் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே வந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். "இங்க இவ்வளவு வேக்காடா இருக்கு?" மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார், "வீடு கட்டுன நாள்லருந்து இருக்குப்பா. நீ இன்னைக்குத்தான் வந்திருக்க."

பெங்களூர்க்காரர்கள் டல்கோனா காபி அடித்தார்கள். காபித் தூளையும் சீனியையும் போட்டுக் கை வலிக்க நானூறு சுற்று அடித்து நுரை வரவழைப்பது அந்த வருஷத்து உலகப் பைத்தியம். பக்கத்து வீட்டுப் பையன் சட்டை நனைய அடித்து முடித்துப் பெருமையோடு நீட்டியபோது அவனுடைய அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "கேட்டிருந்தா மத்து குடுத்திருப்பேனேடா" என்றார். வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர் 'கமலாம்பாள் சரித்திர'த்தில் ஒரு வம்பர் மகாசபையைக் கூட்டினார். அவர் இருந்திருந்தால் இந்த அப்பத்தாவைத் தலைவியாக நியமித்திருப்பார்.

அந்த மகாசபை வாட்ஸ்அப்புக்கு மாறியதும் அப்போதுதான். வடிவேலு முகத்தை ஒட்டி, பாத்திரம் தேய்க்கும் கணவன் படும் பாட்டை நாளுக்கு நாற்பது படமாக அனுப்பினார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. அனுப்பியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நாலு தட்டைக் கழுவியதற்கு நாலாயிரம் பேரிடம் அனுதாபம் வாங்கும் ஏற்பாடு. அதே தட்டுகளைத் தினமும் கழுவுகிறவர்கள் எந்தக் குழுவுக்கும் படம் அனுப்பவில்லை, கழுவிவிட்டுத் தூங்கினார்கள்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை. பஸ் ஓட ஆரம்பித்திருந்தது, பள்ளிக்கூடம் திறக்கவில்லை. டெய்லர்கள் சட்டைத்துணியில் மிச்சம் பிடித்து அதே நிறத்தில் மாஸ்க் தைத்துக் கொடுத்தார்கள். ரெண்டு நாள் முன்னால் 'சூரரைப் போற்று', தீபாவளியன்று 'மூக்குத்தி அம்மன்', ரெண்டும் வீட்டுக்கே வந்தன. நயன்தாரா அம்மனாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்த என் அம்மா, "வந்தது வந்தா, நாலு பாத்திரத்தை வெளக்கிக் குடுத்துட்டுப் போகக் கூடாதா" என்றார்.

அந்தத் தீபாவளிக்குத்தான் எங்கள் வீட்டில் ஆண்கள் முறுக்குப் பொறுப்பை எடுத்தார்கள். நாங்கள் கேட்கவில்லை, யூடியூப் பார்த்துத் தானாக வந்த வீரம். அரிசி மாவு, உளுந்து மாவு, எள்ளு எல்லாம் சரி. மாவைச் சலிக்கவில்லை. சலிக்காத மாவில் கட்டியும் குருணையும் இருந்தால் எண்ணெயில் போட்டதும் வெடிக்கும். முதல் ஈடு வெடித்தது. என் கொழுந்தனார் ஜல்லிக்கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினார். பட்டாசுக்குத்தான் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று அரசு நேரம் குறித்திருந்தது. முறுக்குக்குக் கட்டுப்பாடு இல்லை. அடுத்த ஈட்டில் மாவைச் சலித்தார்கள், ஆனால் சூடான எண்ணெய் ஊற்றிப் பிசைய மறந்தார்கள். கல். மாமனார் ஒன்றைக் கடித்துப் பார்த்து, சத்தமில்லாமல் அதைக் காபியில் ஊறப்போட்டார். பத்திரிகை மைசூர்பாகில் காலம் காலமாக உடைந்த பற்களுக்கெல்லாம் அன்றைக்குப் பழி தீர்ந்தது. அந்த முறுக்கைத் தை மாதம் வரை தின்றோம். இத்தனைக்கும் அடுப்பைத் துடைத்தது, எண்ணெயை வடிகட்டியது, வாணலி விளக்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மே மாதம், 2021இல், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆக்சிஜன் படுக்கை எங்கே கிடைக்கும் என்பது மட்டும்தான் அப்போது எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் பேச்சு. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு எதுவும் இல்லை.

இன்று? 2022 சித்திரையில் அழகர் மறுபடி மக்கள் நடுவே வைகையில் இறங்கினார். மதுரைக்குப் போக முடியாதவர்கள் திருக்கல்யாணத்தை இன்னும் போனில்தான் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு போன், வட்டம் சுற்றுவது குறைந்துவிட்டது. மல்லிகைக்கு மார்க்கெட் திரும்பியது, பெரியம்மா தலையிலிருந்து பூ இறங்கியது. பெங்களூர்ப் பையன் பெங்களூருக்குப் போனான். கடைக்காரர் கடைக்குப் போனார். முறுக்கை இப்போது பல வீடுகளில் ஆர்டர் கொடுத்துவிடுகிறோம். சுட்டுக் கொடுப்பதும் பெண்கள்தான், கிலோ கணக்கில், கூலிக்கு. அது எனக்கு ஒரு முன்னேற்றமாகவே படுகிறது. அவர்களுக்காவது செய்த வேலைக்குக் காசு வருகிறது.

ஒரு தலைமுறை ஆண்கள் அடுப்படிக்குள் வந்துவிட்டார்கள், இனி எல்லாம் மாறும் என்று அந்த வருஷம் நிறையப் பேர் எழுதினார்கள். நானும் கொஞ்சம் நம்பினேன். மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கொரோனாவுக்கு முன்னால் 2019இலும் பிறகு 2024இலும், யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு 2019இல் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அன்றைக்கு வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்களின் சராசரி மட்டும். செய்யாதவர்கள் அந்தச் சராசரியில் சேரவே இல்லை. 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88.

ஊரடங்குப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த பிறகு, இருந்ததிலும் ஒன்பது நிமிடம் போய்விட்டது. இதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த ஒம்பது நிமிஷந்தான் நான் முறுக்கு பிழிஞ்சது" என்றார். ஒரு ஈடு முறுக்கு பிழிந்து எடுக்கவே அந்த நேரம் பத்தாது என்பதும் அவருக்கு மறந்துபோயிருக்கிறது.