காலண்டருக்குக் கட்டுப்படாத முழங்கால்

சிட்னி ஸ்வான்ஸ் கிளப்பில் காயம் என்பது வாராந்திர விவகாரம். யார் இறங்கலாம், யார் காத்திருக்க வேண்டும் என்ற முடிவு சில சமயம் கோப்பையையும் தொட்டிருக்கிறது, சில சமயம் ஒருவரின் வாழ்க்கையையும்.

அலெக்ஸ் ஜான்சனுக்கு 2012-ல் வயது 20. அந்த செப்டம்பரில் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் முன்னிலையில் அவருடைய அணியான சிட்னி ஸ்வான்ஸ், ஹாதார்ன் அணியைப் பத்துப் புள்ளிகளில் வென்று ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் கோப்பையைக் கைப்பற்றியது. தற்காப்பு வரிசையில் நின்ற அந்த இளைஞருக்கு எதிர்காலம் நிச்சயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஏ.எஃப்.எல். எனப்படும் அந்த லீகில் அவர் அடுத்த ஆட்டம் ஆடியது 2018 ஆகஸ்டில். இடையில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். இடது முழங்காலின் தசைநார் ஐந்து முறை புதிதாகப் பொருத்தப்பட்டது. மற்ற சிகிச்சைகளையும் சேர்த்தால் பத்துக்கும் மேற்பட்ட அறுவைகள்.

திரும்பி வந்த அன்று சிட்னி ரசிகர்கள் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஆரவாரம் செய்தார்கள். அணியும் வென்றது. அடுத்த வாரம் மெல்போர்ன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் மறுபடியும் அறுந்தது. இந்த முறை வலது முழங்கால். அதன் பிறகு அவர் அந்த லீகில் ஆடவில்லை. கணக்கில் நின்றது மொத்தம் 47 ஆட்டங்கள்.

ஜான்சனின் கதை கொடூரமான விதிவிலக்குதான். ஆனால் அதன் ஒவ்வொரு துண்டும் இந்த விளையாட்டில் சாதாரணமாக நடப்பது. இந்திய ரசிகர்களுக்கு சிட்னி, மெல்போர்ன் மைதானங்கள் கிரிக்கெட் மூலம் பழக்கம். குளிர்காலத்தில் அதே புல்தரையில் நடப்பது வேறு கூத்து. நீள்வட்டப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம். ஹெல்மெட் கட்டாயமில்லை, கிரிக்கெட் பேட்ஸ்மேனுக்கு உள்ளது போன்ற கவசம் ஏதும் இல்லை. எதிராளியின் தோளில் முட்டியை ஊன்றி எகிறிப் பந்தைப் பிடிப்பதுதான் ஆட்டத்தின் அழகு என்கிறார்கள். ஆஃப்சைடு விதி கிடையாது. எனவே மோதல் முன்னாலிருந்தும் வரும், முதுகுப்பக்கமிருந்தும் வரும். நடுக்கள ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் ஓடும் தூரம் 12 முதல் 15 கிலோமீட்டர்.

இத்தனை மோதலுக்கு நடுவே அதிகம் பழுதாவது எலும்பு அல்ல. லீகின் டாக்டர்கள் 1992 முதல் ஆண்டுதோறும் காயக் கணக்கு எழுதி வருகிறார்கள். அதில் பெரும்பாலும் முதலிடம் தொடையின் பின்பக்கத் தசைக்கு. ஹாம்ஸ்ட்ரிங் என்றால் ஆஸ்திரேலியாவில் குழந்தைக்கும் தெரியும். ஒரு கிளப்பில் ஒரு பருவத்துக்கு சராசரியாக ஐந்தாறு பேர் இதனால் உட்காருகிறார்கள். முழு வேகத்தில் ஓடும்போது, கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இந்தத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. அந்த நொடியில் கிழிகிறது.

கிழிசல் சிறியதாக இருந்தால் மூன்று நான்கு வாரம். சிக்கல் என்னவென்றால், வலி முதலில் போய்விடுகிறது, பலம் பிறகுதான் வருகிறது. இடைப்பட்ட நாட்களில் ஆட்டக்காரர் தான் குணமாகிவிட்டதாக மனதார நம்புகிறார். அவசரப்பட்டு இறக்கினால் அதே இடம் மறுபடி கிழியும். அதனால்தான் கிளப்புகள் ஆட்டக்காரரின் பேச்சை மட்டும் நம்புவதில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே பனியனுக்குள் செருகிய சிறு ஜி.பி.எஸ். கருவி அவர் எத்தனை மீட்டர் ஓடினார், அதில் எத்தனை மீட்டர் உச்ச வேகத்தில் என்று எண்ணிச் சொல்கிறது. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை மெல்ல மெல்ல முன்னால் சாய்க்கும் ஒரு பயிற்சி உண்டு. பார்க்க எளிது. ஆனால் தசை நீளும்போதே பலம் கொடுக்கக் கற்றுக்கொள்வது இதில்தான்.

முழங்கால் வேறு ரகம். உள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுவதற்குப் பெரும்பாலும் யாரும் மோத வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே திசை மாற்றும்போதோ, எகிறிவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போதோ முட்டி உள்பக்கம் மடங்கினால் போதும். முழுவதும் அறுந்த நார் பெரும்பாலும் தானாகச் சேர்வதில்லை. எனவே ஆட்டக்காரரின் உடம்பிலிருந்தே, பெரும்பாலும் தொடைப் பின்தசையின் நாணிலிருந்து, ஒரு துண்டை எடுத்து எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள்.

இங்கேதான் உடம்பு ஒரு வித்தை காட்டுகிறது. பொருத்திய நாண் முதல் நாளிலிருந்து படிப்படியாக வலுவாவதில்லை. முதலில் ரத்த ஓட்டம் இல்லாமல் நலிகிறது. பிறகு புதிய ரத்தக் குழாய்கள் ஊடுருவி, மெல்ல மெல்ல அது தசைநாராக மாறுகிறது. இரண்டு மூன்று மாதம் ஆனபோது வீக்கம் வடிந்திருக்கும், நடை சீராகியிருக்கும், ஆட்டக்காரர் உற்சாகமாக இருப்பார். உள்ளே நார் மிகவும் பலவீனமாக இருக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் டாக்டரின் பயம் அல்ல, இந்தக் கணக்கு. ஒருமுறை அறுந்தவருக்கு அதே முழங்கால் மட்டுமல்ல, மறு முழங்காலும் அறுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஜான்சனின் ஆறாவது காயம் வலது முழங்காலில் வந்தது இந்தப் பொது அனுபவத்துக்கு மாறானதல்ல.

காத்திருப்பைக் குறுக்கும் வழி ஒன்றும் இதே கிளப்பில் சோதிக்கப்பட்டது. 2008-ல் ஸ்வான்ஸின் நிக் மால்செஸ்கிக்கு முழங்கால் அறுந்தபோது, லார்ஸ் எனும் செயற்கை இழையைப் பொருத்திக்கொண்டார். பாலியெஸ்டர் நலிந்து மீள வேண்டியதில்லை. அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே அவர் களத்தில் இருந்தார். நாடே வியந்தது. 2012 இறுதி ஆட்டத்தில் வெற்றியை உறுதி செய்த கடைசி கோலை உதைத்ததும் அவரேதான். ஆனால் செயற்கை நார் தேய்ந்தும் அறுந்தும் போன சம்பவங்கள் சேரச் சேர டாக்டர்களின் ஆர்வம் வடிந்தது. சொந்த நாணும் நீண்ட காத்திருப்பும் மறுபடி வழக்கமாயின.

அதே 2012 இறுதி ஆட்டம்தான் காயத்தோடு ஆடும் வீரத்தின் புராணமாகவும் ஆகிவிட்டது. நட்சத்திர ஆட்டக்காரர் ஆடம் குட்ஸுக்கு ஆட்டத்தின் நடுவே முழங்காலின் பின் சிலுவைத் தசைநார் கிழிந்தது. அவர் வெளியேறவில்லை. கடைசிக் கால் பகுதியில் நெருக்கடியான ஒரு கோலும் அடித்தார். தற்காப்பு வீரர் டெட் ரிச்சர்ட்ஸ் கணுக்கால் காயத்தோடு இறங்கி ஆட்டம் முழுவதும் நின்றார். கோப்பை வந்ததும் இவையெல்லாம் தியாகமாகிவிட்டன.

பத்தாண்டு கழித்து, 2022-ல், கிளப் மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. முந்தைய வாரம் தொடை இடுக்குத் தசையில் காயம்பட்ட சாம் ரீட், 2012 கோப்பை அணியிலும் இருந்தவர், களமிறக்கப்பட்டார். அவரால் முடியவில்லை. மூன்றாம் கால் பகுதியில் மாற்று ஆட்டக்காரர் வந்தார். கீலாங் அணியிடம் ஸ்வான்ஸ் 81 புள்ளிகளில் தோற்றது. 2024 இறுதி ஆட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங் காயத்தால் காலம் மில்ஸ் ஆடவில்லை. கணுக்கால் காயத்திலிருந்து அவசரமாக மீண்ட லோகன் மெக்டொனால்டு இறக்கப்பட்டு, பாதியில் மாற்றப்பட்டார். பிரிஸ்பேனிடம் 60 புள்ளிகளில் தோல்வி. இத்தனை பெரிய தோல்விக்கு ஒரு கால் மட்டும் காரணமாகாது. ஆனாலும் வென்றால் வீரம், தோற்றால் தவறான முடிவு என்ற தீர்ப்பு மட்டும் மாறுவதில்லை.

மூன்று இறுதி ஆட்டங்களிலும் பயிற்சியாளர் ஜான் லாங்மயர்தான். அவர் இதை அறியாதவர் அல்ல. 1990-ல் லீகிலேயே அதிக கோல் அடித்த அவர், 1996-ல் முழங்கால் காயத்தால் பருவம் முழுவதும் உட்கார்ந்திருக்க, அவருடைய அணியான நார்த் மெல்போர்ன் அவர் இல்லாமலே கோப்பை வென்றது. 1999 இறுதி ஆட்டத்தில் கோப்பையோடு ஓய்வுபெற்றார். ஒரு பெரிய நாளைத் தவறவிட்டவருக்கு, இன்னொருவரைத் தவறவிடச் சொல்வது எளிதாக இருக்க முடியாது.

அடிப்படைச் சிக்கல் தனிமனிதர்களைப் பற்றியதல்ல. டாக்டருக்குச் சம்பளம் தருவது கிளப். ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும், இடத்தைப் பிடிக்க இன்னொருவர் காத்திருக்கிறார். பயிற்சியாளருக்கு சனிக்கிழமை ஜெயிக்க வேண்டும். காத்திரு என்று சொல்லத் தூண்டுதல் உள்ளவர் அந்த அறையில் யாருமே இல்லை, கிழிந்த தசையைத் தவிர.

தலைக்காயத்தில் மட்டும் லீக் இந்தப் பேரத்தைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. 2021 முதல், மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது. இறுதி ஆட்டமானாலும் சரி, நட்சத்திரமானாலும் சரி. அதற்குக் காரணங்கள் இருந்தன. 2019-ல் காலமான டானி ஃப்ராலி, 2020-ல் காலமான ஷேன் டக் ஆகிய முன்னாள் ஆட்டக்காரர்களின் மூளைகளில், தொடர்ந்து அடிபடுவதோடு தொடர்புடைய சிதைவு நோய் கண்டறியப்பட்டது.

ஸ்வான்ஸுக்கும் இதில் சொந்த வலி உண்டு. பேடி மெக்கார்ட்டின் 2014-ல் புதிய ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆளாக செயின்ட் கில்டா கிளப்புக்கு எடுக்கப்பட்டவர். அடுத்தடுத்து தலையில் அடிபட்டு, 2019-ல் அந்த அணியிலிருந்து விலக நேர்ந்தது. ஸ்வான்ஸ் மறு வாய்ப்பு தந்தது. 2022 இறுதி ஆட்டத்தில் தம்பி டாமுடன் சேர்ந்து ஆடினார். மறு ஆண்டே மறுபடி மூளை அதிர்ச்சி. 2023-ல் ஓய்வு. முழங்காலுக்கு ஆறாவது முறையும் முயன்று பார்க்கலாம். மூளைக்கு அந்த வசதி இல்லை.

காயம் தலையெழுத்தல்ல என்பதற்கும் சான்று இருக்கிறது. ஒரு காலத்தில் மைய வட்டத்தில் பந்தைத் தட்டிவிட இரு அணியின் நெட்டையர்களும் தூரத்திலிருந்து ஓடிவந்து எகிறுவார்கள். முட்டியும் முட்டியும் மோதி பின் சிலுவைத் தசைநார் கிழிவது வாடிக்கையாக இருந்தது. 2005-ல் லீக் பத்து மீட்டர் வட்டம் ஒன்றைப் போட்டு ஓடிவரும் தூரத்தைக் குறைத்தது. அந்தக் காயமும் குறைந்தது. மருந்தில்லை, இயந்திரமில்லை, ஒரு சுண்ணாம்புக் கோடு.

மற்றவர்களுக்குக் காத்திருப்புதான். அணி பயிற்சி செய்யும்போது ஓரத்தில் சைக்கிள் மிதிப்பது, நீச்சல் குளத்தில் நடப்பது, எல்லைக் கோட்டைச் சுற்றித் தனியாக ஓடுவது. ஒவ்வொரு வாரமும் கிளப்புகள் காயப் பட்டியல் வெளியிடுகின்றன. பெயர், காயம், எத்தனை வாரம். ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு ஆறு. சிலருக்கு எதிரே மட்டும் எண் இருக்காது, பின்னர் முடிவு செய்யப்படும் என்று இருக்கும். ரசிகர்களுக்கு அது எரிச்சலூட்டுகிறது. பட்டியலில் உடம்பின் பேச்சைக் கேட்டு எழுதப்பட்ட வரி ஒருவேளை அதுவாகத்தான் இருக்கும்.