நிறைமாதத்தில் உள்ளங்கை ஏன் அரிக்கிறது?

மும்பை காட்கோபரின் மே மாதப் புழுக்கத்தில் கர்ப்பிணி அரிக்கிறது என்றால், வேர்க்குரு என்று பவுடரை எடுத்துக் கொடுப்பார்கள். பல சமயம் அது சரிதான். வயிற்றுத் தோல் விரிந்த கோடுகளில் தொடங்கி, தொப்புளை மட்டும் தவிர்த்துப் பரவும் சிவந்த தடிப்பும் உண்டு. குழந்தைக்கு அதனால் தீங்கில்லை.

தடிப்பே இல்லாமல், கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அதிகமாக அரித்தால், பார்க்க வேண்டியது கல்லீரலை.

எப்படி? கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பன்மடங்கு கூடுகின்றன. பித்த அமிலத்தைக் கல்லீரல் செல்லிலிருந்து வெளியே தள்ளச் சில புரதங்கள் உண்டு. புரோஜெஸ்டிரோன் சிதைந்து உண்டாகும் பொருட்கள் அவற்றை மந்தமாக்குகின்றன. பெரும்பாலோர் இதைத் தாங்கிவிடுவார்கள். ஏபிசிபி4 போன்ற மரபணுக்களில் மாறுபாடு உள்ளவர்களுக்கோ, பித்த அமிலம் ரத்தத்தில் தேங்கிவிடும்; அதோடு அரிப்பும் வரும்.

அரிப்பு தாய்க்குத் தொல்லை, ஆபத்து குழந்தைக்கு. பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால், குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது. அதனால் ராஜாவாடி மருத்துவமனையோ தனியார் கிளினிக்கோ, அரிப்பை டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பின் அரிப்பு அடங்கும். அடுத்த கர்ப்பத்தில் திரும்பலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையாலும் வரலாம்.