அன்னையர் கையில் ஓர் அட்டை

சோயா, சர்க்கரை, காப்பி, மாட்டிறைச்சி ஆகியவற்றைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். அந்நாட்டிலேயே சென்ற நூற்றாண்டு முழுவதும் கோடிக்கணக்கானோர் பசித்திருந்தனர். களஞ்சியத்தில் தானியம் இருந்தது. அதை வாங்கும் ஆற்றல்தான் ஏழைக் குடும்பங்களிடம் இல்லை. பசி இயற்கையின் விளைவன்று, மனிதர் வகுத்த ஏற்பாடுகளின் விளைவே என்று அந்நாட்டு மருத்துவர் ஜோசுவே டி காஸ்ட்ரோ 1946-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதி வாதிட்டார்.

2003-இல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற லூலா, வறட்சி மிகுந்த பெர்னாம்புகோ மாநிலத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பசியை அறவே ஒழிக்க அவர் தொடங்கிய திட்டம் குவாரிபாஸ் என்னும் சிற்றூரில் முதலில் செயலுக்கு வந்தது. குடும்பத்துக்கு மாதம் 50 ரெயால். ஆனால் உணவுப்பொருள் வாங்கியதற்கான சான்றைக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவான ஊரில் ரசீதுக்கு எங்கே போவது? ஏழையிடம் பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார் என்னும் ஐயம் அந்த நிபந்தனைக்குள் ஒளிந்திருந்தது. நாமும் கேட்டுப் பழகிய ஐயந்தான். அவ்வாண்டு அக்டோபரில் நான்கு உதவித் திட்டங்களை ஒன்றிணைத்துப் ‘போல்சா ஃபமீலியா’ உருவானபோது ரசீது கைவிடப்பட்டது.

புதிய நிபந்தனைகள் வேறு வகையின. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கருவுற்ற தாய் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். பத்து அட்டைகளில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை பெண்களின் பெயரில் வழங்கப்பட்டன. பணம் வழங்கும் பொறுப்பை 1861-இல் தோன்றிய அரசு வங்கியான காய்ஷா ஏற்றது. கிளை இல்லாத ஊர்களில் லாட்டரிக் கடைகளிலும் பணம் பெறலாம். அமேசான் ஆற்றங்கரை மக்களை நாடிப் படகிலேயே ஒரு கிளை சென்றது. வங்கியின் அன்றாடக் கருவிகள் உணவுத் தட்டு வரை சென்றதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது. 2009-ஆம் ஆண்டுச் சட்டமோ, பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு உழவர்களிடம் கொள்முதல் செய்யச் செலவிடுமாறு பணித்தது.

2014-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தன் பசி வரைபடத்திலிருந்து பிரேசிலை நீக்கியது. அத்துடன் கதை முடிந்திருந்தால் நன்று. பொருளாதாரச் சரிவு வந்தது, 2019 தொடக்கத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புக் குழு கலைக்கப்பட்டது, பின் பெருந்தொற்று. வரைபடத்தில் பிரேசில் மீண்டும் இடம்பெற்றது. 2023-இல் குழுவும் திட்டமும் புத்துயிர் பெற்றன. 2024 நவம்பரில், ரியோவில் கூடிய ஜி-20 மாநாட்டில், பசிக்கும் வறுமைக்கும் எதிரான உலகக் கூட்டணியைப் பிரேசில் தொடங்கிவைத்தது. அவ்வாண்டு உலகில் பசித்திருந்தோர் ஏறத்தாழ 67 கோடிப் பேர். பசியற்ற உலகுக்கு ஐ.நா. குறித்துள்ள ஆண்டு 2030.

2025 ஜூலையில் பிரேசில் மறுபடியும் வரைபடத்திலிருந்து நீங்கியது. போதிய உணவின்றி வாழ்வோர் மக்கள்தொகையில் 2.5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதே இதன் பொருள். 21 கோடிக்கு மேற்பட்டோர் வாழும் நாட்டில் அந்த வரம்பே ஐம்பது லட்சத்தைத் தாண்டும்.